ஓகே: இரண்டெழுத்துச் சொல்லின் மூலம் பற்றிய நெடிய வழக்கு

ஆங்கிலத்திலிருந்து உலக மொழிகள் பலவற்றுக்குள் புகுந்த சொற்களில் 'ஓகே'க்கு ஒரு தனி விசித்திரம் உண்டு. அது பழங்காலச் சொல் அல்ல. அச்சகமும் நாளிதழும் நன்றாக வேரூன்றிவிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது எழுத்தில் தலைகாட்டுகிறது. அப்படிப்பட்ட சொல்லின் மூலத்தைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. அச்சில் வந்து ஓராண்டு ஆனதுமே அதன் பிறப்பைப் பற்றிய கட்டுக்கதைகள் பத்திரிகைகளில் ஏறின. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஃபின்னிஷ், ஸ்காட்லாந்து வழக்கு, சாக்டா, வோலோஃப் என்று பல மொழிகளின் சார்பில் அதற்கு உரிமை கோரப்பட்டது.

இந்தக் கோரிக்கைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. சில வெறும் விளையாட்டு. சில மறுக்கப்பட்ட பின்னும் மரியாதைக்குரியவை. ஒன்று மட்டும் ஆவணங்களின் பலத்தோடு நிற்கிறது. ஆனால் அந்த ஒன்றும் எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. 'ஓகே எங்கிருந்து வந்தது' என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதன்முதலில் அதை யார், எங்கே எழுதினார்கள் என்பது ஒன்று. அது ஏன் மறையாமல் நிலைத்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கலந்து பேசியதே விவாதத்தில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது.

சொல் செய்யும் வேலை

மூலத்தைத் தேடுமுன், தேடப்படும் பொருள் என்னவென்று பார்த்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் ஓகே பெயரடையாகிறது, வினையாகிறது, பெயராகிறது. ஒப்புதலுக்கு விடையாக நிற்கிறது. பேச்சில் ஒரு விஷயத்தை முடித்து அடுத்ததற்குப் போகும் அடையாளமாகவும் வருகிறது. தமிழில் நாம் எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய இந்த முழு வரிசையைத்தான்: 'வரன் ஓகே ஆயிடுச்சு', 'லோன் ஓகே பண்ணிட்டாங்க', 'உங்களுக்கு ஓகேவா?', 'ஓகே, அப்ப கிளம்பறேன்'. இலக்கண வேலை எதுவானாலும் சொல் தயங்குவதில்லை.

இதைவிட முக்கியமானது அதன் பொருளில் உள்ள ஒரு மிதம். 'படம் எப்படி?' என்று கேட்டால் 'ஓகே' என்று வரும் பதில் படத்தைப் புகழ்வதில்லை. மோசமில்லை என்று மட்டும் சொல்கிறது. 'ஓகேதான்' என்று இழுத்தால் அந்தக் குறைந்தபட்ச ஒப்புதலும் ஆட்டம் காண்கிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஓகே ஒன்றை ஏற்கிறது, மெச்சுவதில்லை. இந்தச் சொல்லுக்கு நூல் எழுதிய அமெரிக்க மொழியறிஞர் ஆலன் மெட்காஃப், அதன் வெற்றிக்கே இந்த நடுநிலை ஒரு காரணம் என்று கருதுகிறார். எந்த மூலத்தை முன்வைப்பவரும் இந்த மிதமான பொருள் எப்படி வந்தது என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒலியொப்புமையோடு நின்றுவிட்டார்கள்.

ஜாக்சனின் எழுத்துப்பிழை

காலத்தால் முந்திய விளக்கம் ஒரு வசை. 1840ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் சூடுபிடித்திருந்த நேரம். முன்னாள் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் பதவியிலிருந்து இறங்கி மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் அவருடைய அரசியல் வாரிசான மார்ட்டின் வான் பியூரன் மீண்டும் போட்டியிட்டார். ஜாக்சனுக்கு எழுத்து வராது, தன் மேசைக்கு வரும் காகிதங்களில் 'எல்லாம் சரி' என்ற பொருளுடைய 'ஆல் கரெக்ட்' என்பதைக் கூடத் தப்பும் தவறுமாக எழுதி, அதையே ஓ.கே. என்று சுருக்கிக் கையொப்பம் இடுவார் என்று எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் கதை கட்டின. நியூயார்க்கில் அந்த மார்ச் மாத இறுதியில் கிளம்பிய கதை நாடெங்கும் மறுபதிப்பாகிப் பரவியது.

ஜாக்சன் முறையான கல்வி அதிகம் பெறாதவர் என்பது உண்மை. அதனால்தான் கதை எடுபட்டது. ஆனால் அவர் கைப்பட ஓ.கே. என்று எழுதிய காகிதம் ஒன்றுகூட முன்வைக்கப்படவில்லை. பின்னாளில் டென்னசி மாநிலத்தின் சம்னர் மாவட்ட நீதிமன்றப் பதிவேட்டிலிருந்து 1790 அக்டோபர் 6ஆம் தேதிக் குறிப்பு ஒன்று எடுத்துக்காட்டப்பட்டது. ஜாக்சன் தொடர்புடைய ஒரு விற்பனைப் பத்திரத்தைப் பற்றிய அந்தக் குறிப்பில் ஓ.கே. இருப்பதாகச் சொல்லப்பட்டது. ஜாக்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பார்ட்டன் 1860 வாக்கிலேயே அதில் ஐயம் எழுப்பிவிட்டார். 'பதிவு செய்ய உத்தரவிடப்பட்டது' என்பதற்கான ஓ.ஆர். என்ற வழக்கமான நீதிமன்றச் சுருக்கமே அது, ஆர் கையெழுத்தில் கே போலத் தெரிந்தது என்பதே இன்று ஏற்கப்படும் வாசிப்பு.

மறுக்கப்பட்ட கதை என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. எழுத்தறிவற்றவரின் எழுத்துப்பிழை என்ற கரு இதில் இருக்கிறது. அந்தக் கரு உண்மைக்கு மிக அருகில் இருந்தது என்பது ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது.

விளையாட்டு விளக்கங்கள்

இடையில் குவிந்தவற்றை விரைந்து கடந்துவிடலாம். ஓபதையா கெல்லி என்ற சரக்கு எழுத்தர் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பெட்டிகளில் இட்டார், உள்நாட்டுப் போரில் வீரர்களுக்குக் கொடுத்த ஓரின் கெண்டால் பிஸ்கட்டிலிருந்து வந்தது, ஹைட்டியின் ஒக்காய் துறைமுகத்து ரம் நன்றாக இருந்ததால் அந்த ஊர்ப்பெயரே பாராட்டாயிற்று, கிரேக்கத்தில் 'எல்லாம் நன்று' எனப் பொருள்படும் 'ஓலா கலா', ஸ்காட்லாந்தின் 'ஓக் ஐ', ஃபின்னிஷின் 'ஓய்கேயா', போர்க்களத்தில் 'சாவு பூஜ்யம்' என்ற அறிவிப்பு. இவற்றில் சில காலக்கணக்கிலேயே விழுந்துவிடுகின்றன. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861இல் தொடங்கியது. அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே சொல் அச்சில் இருக்கிறது. தந்தி இயக்குநர்களின் குறியீட்டிலிருந்து வந்தது என்பாருக்கும் இதே பதில்தான்: வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி ஓடத் தொடங்கியது 1844இல்.

மற்றவை ஒலியை மட்டும் நம்பியவை. 'ஓ', 'கே' போன்ற எளிய அசைகள் பெரும்பாலான மொழிகளில் இருக்கும். அவை சேர்ந்து ஏதோ ஒரு நல்ல பொருளைத் தரும் மொழி ஒன்று எங்கேனும் கிடைத்தே தீரும். ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் தமிழ் மூலம் காணும் முயற்சிகளைப் பார்த்துப் பழகிய வாசகருக்கு இதன் பலவீனத்தை விளக்கத் தேவையில்லை. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போன கதையை யாரும் மறுக்காததற்குக் காரணம் ஒலியொப்புமை மட்டும் அல்ல. சோழமண்டலக் கரையில் அந்த மிதவையைக் கண்ட வில்லியம் டாம்பியர் போன்ற பயணிகள் பொருளையும் பெயரையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். டாம்பியரின் நூல் 1697இல் வெளிவந்தது. கடன்வாங்கிய இடமும் காலமும் ஆளும் அங்கே தெரிகின்றன. ஓகேயின் பிறமொழி மூலங்களுக்கு இந்த மூன்றில் ஒன்றாவது பெரும்பாலும் கிடைப்பதில்லை.

சாக்டா தரப்பு

இந்த வரிசையில் சேர்க்கக்கூடாத ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்கில், மிசிசிப்பிப் பகுதியில் வாழ்ந்த சாக்டா மக்களின் மொழியில் 'ஓகே' அல்லது 'ஹோகே' என்று ஒலிக்கும் ஒரு துகள் வாக்கியத்தின் இறுதியில் வந்து 'அது அப்படியே, வேறில்லை' என்று உறுதிசெய்கிறது. சாக்டா மொழிக்கு இலக்கணமும் அகராதியும் தொகுத்த மிஷனரி சைரஸ் பையிங்டனின் எழுத்துகளில் அது பதிவாகியிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த மூலம் முன்வைக்கப்பட்டது. சில அமெரிக்க அகராதிகளும் அதை இடம்கொடுத்து ஏற்றன.

அதற்குக் கிடைத்த பெரிய ஆதரவாளர் ஒரு குடியரசுத் தலைவர். 1913 முதல் 1921 வரை பதவியிலிருந்த உட்ரோ வில்சன் கோப்புகளில் ஒப்புதல் எழுதும்போது ஓ.கே. என்ற இரண்டெழுத்தை விட்டு, சாக்டா வடிவம் என்று தாம் நம்பிய நான்கெழுத்துச் சொல்லையே எழுதினார். பேராசிரியராக இருந்த தலைவர் அப்படி எழுதியது அந்த மூலத்துக்கு ஒரு கல்வி மதிப்பைத் தந்தது. 1918இல் தொடங்கிய 'ஓகே' இசைத்தட்டு நிறுவனமும் அதே நான்கெழுத்தை ஏந்தியது. ஆனால் அங்கே அது நிறுவனர் ஆட்டோ கே. இ. ஹைன்மனின் பெயர் முதலெழுத்துகள்.

இந்தத் தரப்பின் வலு புவியியலில் இருக்கிறது. சாக்டா அடிப்படையிலான ஒரு வணிகக் கலப்புமொழி வளைகுடாக் கரையெங்கும் பல இனத்தாருக்கிடையே வழங்கியது. 1815 நியூ ஆர்லியன்ஸ் போரில் ஜாக்சனின் படையோடு சாக்டா வீரர்கள் நின்றார்கள். தொடர்பு இருந்தது, சொல் இருந்தது, பொருளும் தொலைவில் இல்லை. இல்லாதது ஒன்றுதான்: ஆங்கிலம் பேசிய ஒருவர் அந்தச் சொல்லைத் தம் பேச்சில் எடுத்தாண்டார் என்பதற்கு 1839க்கு முந்திய எழுத்துச் சான்று. சொல் அச்சில் முதலில் தோன்றிய இடமும் இந்தத் தரப்புக்கு இடைஞ்சல். அது நியூ ஆர்லியன்ஸோ மொபீலோ அல்ல. வடகிழக்கில் இருக்கும் பாஸ்டன்.

ரீடின் அகழாய்வு

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட் இந்த விவாதத்தின் அடித்தளத்தை மாற்றினார். சொல்லின் ஒலியை விட்டுவிட்டு அவர் பழைய நாளிதழ்களைப் பிரித்தார். கணினித் தேடல் இல்லாத காலம். பக்கம் பக்கமாகப் படிப்பதைத் தவிர வழியில்லை. 1941இல் வெளியிட்ட முதல் கட்டுரையில் அவர் எட்டிய இடம் 1840 தேர்தல். 1963–64இல் 'அமெரிக்கன் ஸ்பீச்' இதழில் வந்த தொடர் கட்டுரைகளில் அதற்கும் ஓராண்டு பின்னால் போனார்.

அங்கே கிடைத்தது 1839 மார்ச் 23 தேதியிட்ட 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்'டின் ஒரு பத்தி. ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன். மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம் என்ற நையாண்டிக் குழு ஒன்றின் பயணத்தைப் பற்றி பிராவிடென்ஸ் நகரப் பத்திரிகை எழுதியதைக் கிரீனின் பத்தி கிண்டலாகத் திருத்துகிறது. இவர்கள் அந்த ஊர் வழியாக வந்திருந்தால் அந்தப் பத்திரிகை ஆசிரியர் விருந்துக்கான ஏற்பாட்டையெல்லாம் 'ஓ.கே. – ஆல் கரெக்ட்' ஆக வைத்திருப்பார், மதுப்புட்டி மூடிகள் பறந்திருக்கும் என்ற பாணியில் அது போகிறது. முக்கியமான செய்தி எதுவும் அதில் இல்லை. உலகில் அதிகம் புழங்கும் சொற்களில் ஒன்றின் முதல் அறியப்பட்ட அச்சுத் தோற்றம், சக பத்திரிகையாளரைச் சீண்டும் ஒரு பத்தியில்.

ரீடின் சாதனை இந்தப் பத்தியைக் கண்டெடுத்தது மட்டும் அல்ல; அதைச் சுற்றியிருந்த சூழலையும் மீட்டார். 1838 கோடையிலிருந்து பாஸ்டன் பத்திரிகைகளில் முதலெழுத்துச் சுருக்க மோகம் ஒன்று பரவியிருந்தது. 'நம்மூர்ப் பெரிய மனிதர்கள்' என்பதற்கு ஓ.எஃப்.எம்., 'தேறாது' என்பதற்கு என்.ஜி., கடனுக்குப் பயந்து 'டெக்சஸுக்கு ஓடிப்போனார்' என்பதற்கு ஜி.டி. அடுத்த படியாகச் சுருக்கத்தோடு எழுத்துப்பிழையும் சேர்ந்தது. நாட்டுப்புறத்தான் எழுதுவதுபோல் பிழையாக எழுதிச் சிரிக்கவைப்பது அன்றைய அமெரிக்க நகைச்சுவையின் நிலையான உத்தி. 'பயனில்லை' என்ற தொடரைப் பிழையாக எழுதி கே.ஒய். என்றார்கள், 'ஆல் ரைட்' என்பதைப் பிழையாக எழுதி ஓ.டபிள்யூ. என்றார்கள். இந்தக் கடைசிச் சுருக்கம்தான் வழக்கின் முக்கியச் சாட்சி. ஓ.கே.க்குச் சற்று முன்பே அதே பொருளில், அதே 'ஓ'வோடு, அதே உத்தியில் பிறந்த உடன்பிறப்பு அது. ஆங்கிலத்தில் 'ஆல்' 'ஏ'யில் தொடங்க வேண்டும், 'கரெக்ட்' 'சி'யில் தொடங்க வேண்டும். எல்லாம் சரி என்று சொல்லும் சுருக்கத்தின் இரண்டெழுத்துமே தவறு என்பதுதான் நகைச்சுவை.

இந்த உத்தி தமிழருக்கு அந்நியமானதல்ல. 'ஒரு கல் ஒரு கண்ணாடி' 2012இல் வந்து 'ஓகே ஓகே' ஆயிற்று. 2015இல் 'ஓ காதல் கண்மணி' 'ஓகே கண்மணி' ஆயிற்று. முதலெழுத்துகளைப் பிடித்துச் சொல்லை வேறொன்றாக்கி ரசிக்கும் அதே குறும்பு, பாஸ்டன் பத்திரிகை மேசைகளில் இல்லாத ஒரு வணிகக் கணக்கோடு.

1839இலேயே ஓ.கே. நியூயார்க், பிலடெல்பியா இதழ்களுக்குப் பரவியதையும் ரீட் காட்டினார். பெரும்பாலான அகராதிகள் இன்று இந்த முடிவையே முதன்மையாகத் தருகின்றன.

ரீடை மறுத்தவர்களும் இருந்தார்கள். உட்ஃபோர்ட் ஹெஃப்லின் 1815ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு நாட்குறிப்பை முன்வைத்தார். வில்லியம் ரிச்சர்ட்சன் என்பவர் பாஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் பயணித்தபோது எழுதியது அது. ஓர் ஊரைக் குறிப்பிட்டதும் ஓ.கே. போலத் தெரியும் இரண்டெழுத்து வருகிறது. அது உண்மையானால் ரீடின் கணக்கு கால் நூற்றாண்டு பின்தங்கிவிடும். ஆனால் கையெழுத்துப் பிரதியில் அந்த இடம் தெளிவாக இல்லை. முடிக்காமல் விட்ட அல்லது திருத்திய சொல்லின் மிச்சமாகவும் அதைப் படிக்கலாம். வாக்கியத்தில் அந்த இடத்தில் 'சரி' என்ற பொருள் இயல்பாகப் பொருந்தவும் இல்லை. ஐயத்துக்கிடமான ஒரு கையெழுத்தைவிட ஐயமற்ற ஒரு அச்சுப்பத்தி மேல் என்பதே பொதுவான தீர்ப்பு. அது நியாயமானதாகவே படுகிறது.

1840: தேர்தல் கொடுத்த இறக்கை

மார்ட்டின் வான் பியூரன் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக். ஆதரவாளர்கள் அவரை 'ஓல்ட் கிண்டர்ஹுக்' என்றார்கள், அதாவது ஓ.கே. 1840 மார்ச்சில் நியூயார்க் நகரில் ஓ.கே. கிளப் என்ற பெயரில் அவருடைய கட்சித் தொண்டர்கள் கூடினர். அதே வாரத்தில் எதிர்க்கட்சியான விக் கட்சியின் கூட்டத்துக்குள் ஓ.கே. என்று கூவிக்கொண்டு புகுந்தும் கலாட்டா செய்தார்கள். விக் கட்சியினர் அந்த எழுத்துகளையே திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். 'காசு தீர்ந்தது' என்றும் 'படுமோசமான பேரழிவு' என்றும் பிழை எழுத்தில் ஓ.கே.க்கு விரிவுகள் கட்டினார்கள். ஜாக்சன் கதையும் இந்தக் களேபரத்தில் முளைத்ததுதான். வான் பியூரன் தோற்றார். வில்லியம் ஹென்றி ஹாரிசன் வென்றார். எழுத்துகள் மட்டும் ஊர்ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தன.

1941இல் ரீடே கிண்டர்ஹுக்கைத்தான் மூலம் என்று நினைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. 1839 சான்றுகள் கிடைத்தபின் அது மூலம் என்ற நிலையிலிருந்து இறங்கி, பரவலுக்கான வாகனம் என்ற இடத்துக்கு வந்தது. புதிய ஆவணம் வந்ததும் தம் முந்தைய முடிவைத் தாமே மாற்றிக்கொண்ட இந்தப் பண்பு, மற்ற தரப்பினரிடம் அதிகம் காணக் கிடைக்காதது.

ஆப்பிரிக்கத் தரப்பு

ரீடின் முடிவுக்கு எழுந்த எதிர்வாதங்களில் மிகக் கனமானது டேவிட் டால்பியுடையது. மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் பயிற்சி பெற்ற இந்தப் பிரிட்டிஷ் அறிஞர் 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் அமெரிக்க ஆங்கிலத்தில் ஆப்பிரிக்கக் கூறுகளைப் பற்றி எழுதினார். செனகல் பகுதியின் வோலோஃப் மொழியில் 'வாவ் கே' என்றால் 'ஆம், நிச்சயமாக' என்று பொருள். மாண்டிங்கோவிலும் ஒத்த தொடர் உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேச்சிலிருந்து இது அமெரிக்க ஆங்கிலத்துக்குள் நுழைந்திருக்கலாம் என்பது அவர் வாதம். ஜே.எஃப்.டி. ஸ்மித் 1784இல் வெளியிட்ட அமெரிக்கப் பயண நூலில் வட கரோலினா அடிமை ஒருவரின் பேச்சாகக் 'கே' பதிவாகியிருக்கிறது. 1816ஐச் சேர்ந்த ஜமைக்கா நாட்குறிப்பு ஒன்றில் 'ஓ கி' என்ற வடிவம் வருகிறது.

இந்த வாதத்துக்கு வந்த முக்கியமான மறுப்பு, அதற்குப் பகையாக இருக்க முகாந்திரம் இல்லாத ஒருவரிடமிருந்து வந்தது. ஃபிரெடரிக் காசிடி ஜமைக்காவில் பிறந்தவர். ஜமைக்கா ஆங்கில அகராதியைத் தொகுத்தவர்களில் ஒருவர். கரீபியன் மொழியில் ஆப்பிரிக்க மரபுகளைத் தேடிப் பதிந்தவர். 1981இல் அவர் 'அமெரிக்கன் ஸ்பீச்'சில் டால்பியின் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, ஆப்பிரிக்க மூலம் நிறுவப்படவில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஜமைக்கா வடிவம் பெரும்பாலும் வியப்பைக் காட்டும் ஒலி, இசைவைச் சொல்வதல்ல. ஸ்மித்தின் 'கே'யும் அந்த வகையினதாகவே படிக்கத் தக்கது. ஆப்பிரிக்க வடிவத்துக்கும் பாஸ்டன் சுருக்கத்துக்கும் இடையே பாலமாக ஒரு சான்றும் இல்லை.

பொருளிலும் ஓர் இடைவெளி இருப்பதாகச் சொல்லலாம். வோலோஃப் தொடர் அழுத்தமான இசைவு; சாக்டா துகளும் உறுதிப்பாடு. ஓகேயின் தொடக்ககால அச்சுச் சான்றுகளில் முன்னிற்பதோ ஒரு காரியம் ஒழுங்காக இருக்கிறது என்ற நிலைவிவரம். பொருட்கணக்கைச் சரிபார்த்துக் குறியிடும் தொனி அதில் இருக்கிறது. இன்றைய ஓகேயின் மிதமான, மெச்சாத பொருளுக்கு இந்தத் தொனியிலிருந்து வருவது எளிது. 'நிச்சயமாக ஆம்' என்பதிலிருந்து வருவது சற்றுச் சுற்றுவழி. ஆனால் கேள்விக்கு ஒற்றைச் சொல்லாக விடை தரும் இன்றைய பயன்பாட்டை எடுத்துக்கொண்டால் தராசு மறுபக்கம் சாயும். ஆகவே இந்த வாதத்தை ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆவணம் இல்லை என்பது ரீடின் கையில் உள்ள பலமான ஆயுதம். ஆனால் 1830களின் பாஸ்டன் நாளிதழ் யாருடைய பேச்சைப் பதிந்தது? எழுதப் படிக்கக் கற்பதே பல தென் மாநிலங்களில் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த மக்களின் அன்றாடப் பேச்சு அதில் இடம்பெறும் என்று எதிர்பார்க்க முடியாது. சாக்டா மக்களோ 1830களிலேயே தங்கள் நிலத்திலிருந்து மேற்கே விரட்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவணக்கிடங்கின் மௌனம் எல்லாத் தரப்பாருக்கும் ஒரே எடையுள்ளதல்ல. இதனால் டால்பியின் வாதம் நிறுவப்பட்டுவிடாது. கிரேக்க 'ஓலா கலா'வோடு அதை ஒரே பட்டியலில் போட்டுச் சிரிப்பது மட்டும் அநியாயம்.

ஏன் இது மட்டும் பிழைத்தது?

ரீடின் விளக்கத்தில் உள்ள உண்மையான இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது. அந்த முதல் பத்தியில் எழுத்துப்பிழையான தொடர் விரித்து எழுதப்படவே இல்லை; சரியான 'ஆல் கரெக்ட்'தான் விளக்கமாக நிற்கிறது. பிழை என்பது எழுத்துகளிலிருந்தும் உடன்பிறந்த சுருக்கங்களிலிருந்தும் நாம் பெறும் ஊகம். வலுவான ஊகம்தான். ஆனால் ஓ.டபிள்யூ.வும் கே.ஒய்.யும் ஓரிரு ஆண்டுகளில் சுவடின்றிப் போக, ஓ.கே. மட்டும் ஏன் நின்றது?

மெட்காஃப் 2010 வாக்கில் வெளியிட்ட நூல் இதற்கு ஒரு தொடர்ச்சங்கிலியைப் பதிலாகத் தருகிறது. முதலில் நகைச்சுவை, அடுத்த ஆண்டே தேர்தல், தேர்தலில் பிறந்த ஜாக்சன் கதை. அந்தக் கதை வழியாகத் தலைவர் கோப்பில் இடும் ஒப்பம் என்ற கற்பனை மக்கள் மனத்தில் பதிந்தது. பிறகு அலுவலகங்களில் உண்மையாகவே அப்படி இடத் தொடங்கினார்கள். பொய்க்கதை ஒன்று தன்னையே நடைமுறையாக்கிக்கொண்டது என்கிறார் அவர். பின்னர் தந்தி, ரயில்வே. பெற்றுக்கொண்டதை உறுதிசெய்ய இரண்டே எழுத்து போதும் என்பது இயக்குநர்களுக்கு வசதி. இந்த ஒவ்வொரு கண்ணியும் நம்பத்தக்கதே. ஆனால் இப்படிப்பட்ட விளக்கம் பின்னோக்கிப் பார்த்துக் கோத்தது. வேறொரு சுருக்கம் பிழைத்திருந்தால் அதற்கும் ஒரு சங்கிலி கோக்க முடிந்திருக்கும்.

எழுத்தின் வடிவத்தைக் காரணம் காட்டுவோரும் உண்டு. வட்டமான 'ஓ'வுக்குப் பக்கத்தில் கோணல்மாணலான 'கே'. ஆங்கிலத்தில் 'கே' அரிதாக வருவதால் கண்ணில் படும். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் தம் கேமராவுக்குக் கோடாக் என்று பெயரிட்டபோது 'கே'யின் மிடுக்கை விரும்பித்தான் இரு முனையிலும் அதை வைத்தார். உள்ளூர்ப் பேச்சில் ஏற்கெனவே இருந்த ஏதோ ஒரு இசைவொலி, ஆப்பிரிக்கமோ சாக்டாவோ, இந்த அச்சுச் சுருக்கத்துக்குத் தோள்கொடுத்திருக்கலாம் என்ற இணக்கவாதமும் வைக்கப்படுகிறது. பல மூலங்கள் ஒன்றில் கலப்பது மொழியில் நடக்காததல்ல. ஆனால் இந்த வாதத்தைப் பொய்ப்பிக்க வழியே இல்லை. எந்தச் சான்று வந்தாலும், வராவிட்டாலும் அது அப்படியே நிற்கும். அதுவே அதன் குறை.

திறந்திருப்பவை

சான்றுகள் நிற்கும் இடத்தை இப்படிச் சொல்லலாம். அச்சில் ஓ.கே.யின் தொடக்கம் பாஸ்டன் பத்திரிகை நகைச்சுவை என்பது, ஒரு சொல்லின் வரலாற்றில் எதிர்பார்க்கத்தக்க அளவுக்கு உறுதியானது. 1840 தேர்தல் அதைப் பரப்பியது என்பதிலும் பெரிய ஐயமில்லை. அச்சுக்கு முன்னால் பேச்சில் அதற்கு ஒரு வாழ்வு இருந்ததா என்பது தெரியவில்லை. இருந்ததற்கு இதுவரை சான்று இல்லை. நிலைவிவரமாக இருந்த சொல் எந்தக் கட்டத்தில் கேள்விக்கு விடையாகவும், பேச்சைத் திருப்பும் அடையாளமாகவும் மாறியது என்பது மூலத்தைவிடக் குறைவாக ஆராயப்பட்ட கேள்வி. நாடகங்கள், கடிதங்கள், நீதிமன்ற வாக்குமூலங்கள் ஆகியவற்றில் அதற்கான விடை கிடைக்க வாய்ப்பு உண்டு. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் பேச்சில் அது எப்போது, எந்த வழியாக வந்து படிந்தது என்பதும் முறையாகத் தேடப்பட வேண்டியது. ரயில்வேயும் தந்தி அலுவலகமும் சினிமாவும் இயல்பாக நினைவுக்கு வரும் வழிகள். நினைவுக்கு வருவது சான்றாகாது.

பழைய நாளிதழ்கள் மின்வடிவம் பெற்றுவிட்டதால், ரீட் கண்ணால் தேடியதை இன்று எவரும் இருந்த இடத்திலிருந்தே தேடலாம். ஓகேக்குப் புதிய மூலம் ஒன்றைச் சொல்ல வருபவர் ஒலியொப்புமையை வீட்டில் வைத்துவிட்டு, 1839 மார்ச் 23க்கு முந்திய தேதியிட்ட, ஐயமின்றிப் படிக்க முடிகிற ஒரு தாளைக் கையில் கொண்டு வரட்டும்.